லைன் டெட்: வீட்டுத் தொலைபேசிப் புகாரைக் கொண்டுபோகும் வழி

‘லைன்மேனிடம் சொல்லிவிட்டேன்’ என்பது புகார் ஆகாது. வீட்டில் லேண்ட்லைன் வைத்திருக்கும் பெரியவர்கள் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். பத்து நாள் போன் செத்துக் கிடக்கும். தெருமுனையில் ஏணியோடு போகிறவரை நிறுத்தி நாலு தடவை சொல்லியிருப்பார்கள். அவரும் ‘நாளைக்கு வரேன் சார்’ என்றிருப்பார். பத்தாம் நாள் பொறுமை இழந்து அலுவலகத்துக்குப் போனால் அங்கே கணினியில் பார்த்துவிட்டு, ‘உங்க நம்பர்ல கம்ப்ளெயின்டே இல்லையே’ என்பார்கள். அவர்கள் சொல்வதும் பொய் அல்ல. வாடகைக் கழிவு கேட்பதற்கும் மேல்முறையீட்டுக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கும் தேவைப்படுவது தேதி போட்ட ஒரு புகார் எண். அது இல்லாவிட்டால் அந்தப் பத்து நாளும் கணக்கிலேயே வராது.

முன்பு லைன்மேன் தயவிலேயே காலம் ஓடியது உண்மைதான். தீபாவளிக்கு வேட்டி துண்டு, பொங்கலுக்குக் கொஞ்சம் இனாம், போன் போட்டால் மாலைக்குள் வந்து நிற்பார். 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் சுமார் 78,500 பேர் ஒரே நாளில் வெளியேறினார்கள். உங்கள் தெருவின் ஒவ்வொரு ஜோடி கம்பியும் எந்தப் பெட்டியில் முடிகிறது என்று மனப்பாடமாகத் தெரிந்தவர்களும் அதில் அடக்கம். இப்போது வருகிறவர் பெரும்பாலும் ஒப்பந்த ஆள். நல்ல லைன்மேன் ஒருவரின் செல் நம்பர் கையில் இருந்தால் அதிர்ஷ்டம்தான், தொலைத்துவிடாதீர்கள். ஆனால் புகாரைப் பதிவு செய்த பிறகு அவரைக் கூப்பிடுங்கள்.

முதலில் வீட்டுக்குள்

புகார் பதிவதற்கு முன் கால் மணி நேரம் செலவழித்துப் பழுது உள்ளேயா வெளியேயா என்று பார்த்துவிட வேண்டும். வெளியிலிருந்து வரும் கம்பி சுவரில் ஒரு சிறு வெள்ளைப் பெட்டியில் முடியும். அதை ரோசெட் என்பார்கள். அதிலிருந்து பிரியும் எல்லாவற்றையும் கழற்றுங்கள்: மாடிக்கு இழுத்த எக்ஸ்டென்ஷன், கார்ட்லெஸ் போன், பிராட்பேண்ட் மோடம், அதோடு வந்த ஸ்ப்ளிட்டர். பிறகு கரண்ட் தேவைப்படாத சாதாரண போன் ஒன்றை நேராக ரோசெட்டில் செருகிக் காதில் வையுங்கள். டயல் டோன் வந்தால் பழுது உங்கள் வீட்டு வயரிங்கில் அல்லது கருவியில். கழற்றியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிக்கொண்டே வாருங்கள். எதை மாட்டும்போது சத்தம் வருகிறதோ, டோன் போகிறதோ, குற்றவாளி அதுதான். பழைய கார்ட்லெஸ் போன்களின் அடாப்டர் இதில் அடிக்கடி மாட்டும். ரோசெட்டிலேயே டோன் இல்லை என்றால் விஷயம் வெளியே இருக்கிறது, நிறுவனத்தின் பொறுப்பு.

லைன் செத்திருக்கிறது என்பது பல நேரம் வீட்டுக்காரருக்கே தெரிவதில்லை. செம்புக் கம்பி எங்கோ அறுந்திருந்தாலும் வெளியிலிருந்து கூப்பிடுகிறவருக்கு மணி அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், ஏனென்றால் அந்தச் சத்தம் எக்சேஞ்சிலிருந்து வருவது, உங்கள் வீட்டுப் போனிலிருந்து அல்ல. அமெரிக்காவில் இருக்கும் மகள் ‘அம்மா எடுக்கவே மாட்டேன்கிறாள்’ என்று பதறிப் பக்கத்து வீட்டுக்குப் போன் போடுவது இதனால்தான். வெளியாருக்கு எப்போதும் ‘எங்கேஜ்டு’ என்று வந்தால் வேறு கதை: ஒன்று, ரிசீவர் சரியாக வைக்கப்படவில்லை, அல்லது இரண்டு கம்பியும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு மணி அடித்து உடனே கட்டாகிறது, மழை பெய்தால் கரகரப்பு வருகிறது, வெயில் காய்ந்தால் தானாகச் சரியாகிறது என்றால் ஏதோ ஒரு ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இப்படிப்பட்ட பழுதை வெயில் நேரத்தில் வந்து பார்க்கிறவர் ‘லைன் நல்லாத்தானே இருக்கு’ என்று போய்விடுவார். ஆகவே மழை பெய்கிறபோதே பதிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று, பிராட்பேண்ட் ஓடுகிறதே, லைன் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஜோடியில் ஒரு கம்பி அறுந்தும்கூட இணையம் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். பேச்சு மட்டும் வராது. புகார் சொல்லும்போது ‘போன் வேலை செய்யலை’ என்பதோடு நிறுத்தாமல், ரோசெட்டில் சோதித்துவிட்டேன், டோன் இல்லை, நெட் வருகிறது என்று மூன்றையும் சொன்னால், வருகிறவர் சரியான இடத்துக்குப் போவார்.

செல்போனுக்கு மட்டும் போகவில்லை என்பது பழுதே அல்ல. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்தச் செல் எண்ணைக் கூப்பிட்டாலும் முன்னால் பூஜ்யம் போட வேண்டும். இன்றைக்கும் இதற்காகப் புகார் கொடுக்கிற வீடுகள் உண்டு.

எண் வாங்குவது

பழுதுப் புகாருக்குக் காலங்காலமாக 198. ஆனால் உங்கள் போன் செத்திருக்கும்போது 198-ஐ எதிலிருந்து அடிப்பீர்கள்? செல்லிலிருந்துதான். அங்கே ஒரு பொறி இருக்கிறது: 198 எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான புகார் எண், நீங்கள் எந்த நிறுவனத்தின் சிம் வைத்திருக்கிறீர்களோ அதன் புகார் மையத்துக்குத்தான் அது போகும். லேண்ட்லைன் நிறுவனத்தின் கட்டணமில்லா எண் பில்லில் அச்சிட்டிருக்கும். அதை இன்றே செல்லில் சேமித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் செயலியிலும் இணையதளத்திலும்கூடப் பதியலாம். நேரில் போக முடிந்தவர்கள் வாடிக்கையாளர் சேவை மையத்தில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளலாம்.

எந்த வழியில் போனாலும் ஒரு டாக்கெட் எண் கிடைத்தாக வேண்டும். டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012-ஆம் ஆண்டுப் புகார் தீர்வு விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. குறுஞ்செய்தியாக வரும் எண்ணை நம்பி இருந்துவிடாமல், போன் பக்கத்தில் தொங்கும் நாட்காட்டித் தாளிலேயே எழுதிவையுங்கள். தினசரிக் காலண்டரைவிட நல்ல புகார்ப் பதிவேடு வீட்டில் கிடையாது: எந்தத் தேதியில் செத்தது, எந்த எண்ணில் பதிந்தீர்கள், யார் வந்தார், என்ன சொன்னார், லைன் எப்போது திரும்ப வந்தது. தாளைக் கிழித்து எறியாமல் பில்லோடு சேர்த்துக் குத்திவையுங்கள்.

மக்களை அதிகம் எரிச்சலூட்டுவது பழுது அல்ல, பொய்யாக முடிக்கப்படும் புகார்தான். யாருமே வந்திருக்க மாட்டார்கள். ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்துவிடும். காரணம் எளிது. இத்தனை நாளுக்குள் இத்தனை சதவீதப் பழுதுகளைச் சரிசெய்ய வேண்டும் என்று ஆணையம் இலக்கு வைத்திருக்கிறது. கணினியில் புகாரை மூடினால் இலக்கு நிறைவேறிவிடும். அந்தக் குறுஞ்செய்தியைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், அது உங்கள் சாட்சி. அன்றே புதிதாக இன்னொரு புகார் பதிந்து, ‘முந்தைய எண் இன்னது, சரிசெய்யாமலே மூடப்பட்டது’ என்று அதிலேயே சொல்லுங்கள். இரண்டு எண்களும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்போது மேல்முறையீட்டில் நீங்கள் அதிகம் வாதாட வேண்டியிருக்காது.

மாநகராட்சி மழைநீர் வடிகாலுக்குத் தோண்டும்போது கேபிள் வெட்டுப்பட்டுவிட்டது என்ற பதில் சென்னையிலும் கோவையிலும் சகஜம். அது உண்மையாகவும் இருக்கும். நூறு ஜோடிக் கேபிள் ஒன்று வெட்டுப்பட்டால் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஜோடியாக அடையாளம் கண்டு முறுக்கி ஒட்ட வேண்டும். அதற்குக் குழி காய வேண்டும், ஆள் வேண்டும். ஆனால் கேபிளை யார் வெட்டினார்கள் என்பது நிறுவனத்துக்கும் மாநகராட்சிக்கும் இடையிலான வழக்கு. இப்படிப்பட்ட நேரத்தில் தெருவில் பாதிக்கப்பட்ட எல்லா வீடுகளும் தனித்தனியாகப் புகார் பதிய வேண்டும். ‘பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார்கள்’ என்று சும்மா இருந்தால், கழிவு பக்கத்து வீட்டுக்கு மட்டும்தான்.

வாடகையைத் திரும்பக் கேட்பது

சேவை இல்லாத நாளுக்கு வாடகை கட்ட வேண்டியதில்லை என்பது பலருக்குத் தெரியாது. கேட்காதவர்களுக்குக் கிடைப்பதும் அரிது. டிராயின் 2009-ஆம் ஆண்டுச் சேவைத் தர விதிகள் ஒரு கணக்கு வைத்தன: பழுது 3 நாளைத் தாண்டி 7 நாள் வரை நீடித்தால் 7 நாள் வாடகை, 15 நாள் வரை போனால் 15 நாள் வாடகை, அதற்கு மேல் இழுத்தால் ஒரு மாத வாடகை. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளிலும் மூன்று நாளே எல்லை. முன்பணத் திட்டத்தில் இருப்பவர்களுக்கும் ஈடு உண்டு. ஒரு மாவட்டம் முழுக்கச் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால், அந்த மாவட்டத்து போஸ்ட்பெய்டு வாடிக்கையாளர்களுக்கு அடுத்த பில்லில் கழிவு தர வேண்டும் என்பதும் அந்த விதிகளில் இருக்கிறது.

தொகை சின்னதுதான். ஒரு மாத வாடகையில் பாதி கழிந்தால் ஒரு வார இட்லி மாவுக்கு ஆகும், அவ்வளவே. ஆனாலும் கேட்டு வாங்குங்கள் என்பேன். பணத்துக்காக அல்ல. கழிவு கொடுத்தால் அத்தனை நாள் சேவை இல்லை என்பதை நிறுவனமே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிறது. பின்னால் நஷ்டஈடு கேட்கிறபோது அந்த பில்லைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம்.

பில் தகராறு

எண்ணிக்கை இல்லாமல் பேசும் திட்டங்கள் வந்த பிறகு ‘நாங்கள் பேசவே இல்லை, எப்படி இத்தனை யூனிட்’ என்ற சண்டை குறைந்துவிட்டது. இப்போது வருவது வேறு: கேட்காத திட்டத்துக்கு மாற்றிவிடுவது, பழைய பாக்கி என்று ஒரு வரி, கட்டிய பணம் ஏறாதது, காகித பில் நின்றுபோனதால் கடைசித் தேதி தெரியாமல் தாமதக் கட்டணம். பில் வரவில்லை என்பது கட்டாததற்குக் காரணமாக ஏற்கப்படாது. மின்னஞ்சல் முகவரி கொடுத்து வையுங்கள், அல்லது மாதம் ஒருமுறை இணையத்தில் பாருங்கள்.

தகராறு இருக்கிறது என்று மொத்த பில்லையும் நிறுத்தி வைப்பதுதான் பெரிய தவறு. முதலில் வெளியே போகும் அழைப்பு நிற்கும், பிறகு உள்ளே வருவதும் நிற்கும், கடைசியில் இணைப்பையே மூடி டெபாசிட்டில் கழித்துக்கொள்வார்கள். நாற்பது வருடமாக உறவுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த எண் போனால் போனதுதான். செல்லுக்கு இருப்பதுபோல எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி லேண்ட்லைனுக்குக் கிடையாது. ஆகவே புகாரைப் பதியுங்கள், மறுக்காத தொகையைக் கட்டுங்கள், மறுக்கும் தொகையைப் பற்றி எழுத்தில் கொடுங்கள். பில் புகாருக்கு ஆறு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை.

மேல்முறையீடு

புகார் மையம் தீர்க்கவில்லை, அல்லது தீர்த்த விதம் பிடிக்கவில்லை என்றால் அதே நிறுவனத்தில் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்பது 2012 விதி. புகாருக்கான காலக்கெடு முடிந்து 30 நாளுக்குள் எழுத வேண்டும், கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். ஒருமுறை உட்கார்ந்து எழுதினால் போதும், இப்படி:

‘என் தொலைபேசி எண் ____. ____ தேதி முதல் டயல் டோன் இல்லை. அன்றே புகார் பதிந்தேன். டாக்கெட் எண் ____. ____ தேதி பழுது சரிசெய்யப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது, லைன் வரவில்லை. மீண்டும் பதிந்த டாக்கெட் எண் ____. இன்றுவரை ____ நாள் சேவை இல்லை. லைனைச் சரிசெய்து, இந்த நாள்களுக்கான வாடகையைக் கழித்து, எழுத்து மூலம் பதில் தரக் கேட்டுக்கொள்கிறேன்.’

இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். முப்பது வருட வாடிக்கையாளன், சர்க்கரை நோயாளி, மகன் வெளிநாட்டில் என்பதெல்லாம் உண்மையாக இருந்தாலும், படிக்கிறவர் கண்ணில் தேதியும் எண்ணும்தான் பட வேண்டும்.

நேராக டிராய்க்கு எழுதுகிறவர்கள் உண்டு. தனிநபர் புகாரை விசாரிக்கும் அதிகாரம் அந்த ஆணையத்துக்கு இல்லை. வந்த கடிதத்தை நிறுவனத்துக்கே அனுப்பிவைக்கும். அதைவிட மத்திய அரசின் குறைதீர் தளத்தில் தொலைத்தொடர்புத் துறையின் பெயரில் பதிவது பலன் தரும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. உங்கள் இணைப்பு பி.எஸ்.என்.எல். என்றால் இன்னொரு ஆயுதமும் கையில் உண்டு: அது பொதுத்துறை நிறுவனம், தகவல் உரிமைச் சட்டம் பொருந்தும். 10 ரூபாய் கட்டணத்தில், ‘இன்ன டாக்கெட் எண்ணில் யார், எந்தத் தேதியில், என்ன வேலை செய்து புகாரை மூடினார்’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பொய்யாக மூடிய புகாருக்கு இந்தக் கேள்வி அருமையாக வேலை செய்யும்; பல நேரம் பதிலுக்கு முன்பே லைன் வந்துவிடும்.

நுகர்வோர் ஆணையம்

‘போன் கேஸெல்லாம் கன்ஸ்யூமர் கோர்ட்டில் எடுக்க மாட்டார்கள்’ என்று வக்கீல்களே சொன்ன காலம் ஒன்று இருந்தது. 2009-இல் கேரளத்து வழக்கு ஒன்றில், இணைப்பைத் துண்டித்ததற்காக ஒரு வாடிக்கையாளருக்கு நுகர்வோர் மன்றம் 5,000 ரூபாய் ஈடு கொடுக்கச் சொன்னதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டப்படி இத்தகைய தகராறு மத்தியஸ்தத்துக்குத்தான் போக வேண்டும் என்றது. அதன் பிறகு பல வருடம், நாடு முழுக்கத் தொலைபேசிப் புகார்கள் வாசலிலேயே திரும்பின.

2022 பிப்ரவரி 16 அன்று நிலைமை மாறியது. செல்போன் பில் 24,000 ரூபாய்க்கு மேல் வந்ததை எதிர்த்து அகமதாபாத்காரர் ஒருவர் போட்ட வழக்கில் (வோடஃபோன் ஐடியா எதிர் அஜய் குமார் அகர்வால்), தந்திச் சட்டத்தின் மத்தியஸ்தம் நுகர்வோர் மன்றத்தின் கதவை மூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘சேவை’ என்பதன் விளக்கத்திலேயே தொலைத்தொடர்பு சேர்க்கப்பட்டுவிட்டது. யாராவது 2009 தீர்ப்பைக் காட்டி மறுத்தால், இந்த வழக்கின் பெயரைச் சொல்லுங்கள்.

நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் முடியும். கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, எந்த வீட்டுப் போனும் அதற்குள்தான் வரும். வக்கீல் கட்டாயம் இல்லை. இணைப்பு அப்பா பெயரில், பயன்படுத்துவது மகள் என்றாலும் மகள் வழக்குப் போடலாம். இணைப்பு வைத்திருப்பவரின் சம்மதத்தோடு சேவையைப் பயன்படுத்துகிறவரும் சட்டப்படி நுகர்வோரே. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடம் தாண்டக் கூடாது. ஆனால் ஒரு நிதானம் வேண்டும்: மூன்று நாள் டயல் டோன் இல்லை என்பதற்கெல்லாம் ஆணையத்துக்கு அலைவது வீண். பல வாரம் லைன் இல்லாதது, தவறாகத் துண்டித்தது, டெபாசிட்டைத் தராதது ஆகியவை அலையத் தகுந்தவை.

ஃபைபருக்கு மாறுங்கள் என்றால்

செம்புக் கேபிளைப் பராமரிக்க நிறுவனங்களுக்கு விருப்பமும் இல்லை, ஆளும் இல்லை. லைன் திரும்பத் திரும்பச் சாகும் வீட்டுக்கு ‘ஃபைபர் போட்டுக்கோங்க’ என்ற யோசனை நிச்சயம் வரும். பொதுவாக நல்ல யோசனைதான். மழைக்குக் கரகரப்பு இருக்காது, நெட் வேகம் வேறு. பழைய எண்ணே தொடருமா என்பதை மட்டும் மாறுவதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு வித்தியாசத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். செம்பு லைன், எக்சேஞ்சில் உள்ள 48 வோல்ட் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுப்பது. வீட்டில் கரண்ட் போனாலும் போன் பேசும். ஃபைபரில் சுவரில் மாட்டும் பெட்டிக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். புயல் நாளில் இரண்டு நாள் மின்சாரம் இல்லையென்றால் போனும் இல்லை. தனியாக இருக்கும் பெரியவர்கள் அந்தப் பெட்டியை இன்வெர்ட்டரில் சேர்ப்பதோ, 12 வோல்ட் குட்டி யூ.பி.எஸ். ஒன்று வாங்குவதோ அவசியம். பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை, வெளியே ஃபைபர் அறுந்திருக்கிறது என்று பொருள்; புகாரில் அதைச் சொல்லுங்கள். ஊசியால் குத்தும் ரீசெட் ஓட்டையை மட்டும் தொடாதீர்கள். நெட் சரியாகும் என்று குத்தினால் போனுக்கான அமைப்பு அழிந்து, அதைத் திரும்பப் போட ஆள் வர வேண்டியிருக்கும்.

பல ஊர்களில் ஃபைபரை இழுத்துப் பராமரிப்பது உள்ளூர்க் கேபிள் டி.வி.க்காரர். பழுதானால் அவர் எக்சேஞ்சைக் கை காட்டுவார், எக்சேஞ்ச் அவரைக் கை காட்டும். பில் யார் பெயரில் வருகிறதோ அவர்தான் பொறுப்பு. புகாரும் அங்கேதான்.

இணைப்பை ஒப்படைப்பது

ஆறு மாதம் பிள்ளை வீட்டுக்குப் போகிறவர்கள் இணைப்பை ரத்து செய்ய வேண்டியதில்லை. ‘சேஃப் கஸ்டடி’ என்று கேட்டால் எண்ணைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். இறந்தவர் பெயரில் உள்ள இணைப்பை இறப்புச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்; டெபாசிட் திரும்பப் பெறும்போது சிக்கல் வராமல் இருக்க இதை ஆற அமரச் செய்யாமல் சீக்கிரமே முடியுங்கள்.

வேண்டாம் என்று முடிவானால் பாக்கியைத் தீர்த்து, எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். பில்லைக் கட்டாமல் விட்டால் தானாக நின்றுவிடும் என்று இருப்பவர்களுக்கு இரண்டு வருடம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வரும். டெபாசிட்டைத் தர நாற்பத்தைந்து நாளுக்கு மேல் இழுத்தடிக்க விதியில் இடமில்லை. வங்கிக் கணக்கு விவரத்தை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். கருவியும் மோடமும் அவர்களுடையது என்றால் அவற்றின் தொடர் எண்ணைக் குறித்த ரசீது கைக்கு வராமல் கவுன்ட்டரில் வைத்துவிட்டு வராதீர்கள்.